இடது, வலது என்ற சொற்களுக்கு அரசியலில் இன்னும் பொருள் உண்டா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அவர் இடதுசாரி’, ‘அது வலதுசாரிக் கட்சி’ என்ற தொடர்கள் தமிழில் நாள்தோறும் புழங்குகின்றன. ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே பொருளை மனத்தில் வைத்திருக்கிறார்களா என்பது ஐயம்தான். கீழே உள்ள விடைகளை எழுதியவரின் கருத்து இது: ஒரு குறிப்பிட்ட கேள்வியில் ஒரு கட்சி எடுத்த நிலையைக் குறிக்க இச்சொற்கள் இன்றும் நன்றாகவே பயன்படுகின்றன, கட்சி முழுவதையும் மனிதர் முழுவதையும் அவற்றால் அளக்கப் புகும்போது அளவுகோல் கோணலாகிவிடுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன?

1789-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் கூடிய தேசியச் சட்டமன்றத்தில் பிறந்தன. பேரவை நிறைவேற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்கலாமா என்ற விவாதம் முற்றியபோது, அரசரின் அதிகாரத்தைக் காக்க விரும்பியவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும், அதை ஒடுக்க விரும்பியவர்கள் இடப்புறமும் சேர்ந்து அமரத் தொடங்கினார்கள். அரசர் ஒரு சட்டத்தைச் சில காலம் தள்ளிவைக்கலாமே தவிர அடியோடு தடுக்க முடியாது என்று அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று முடிவாயிற்று.

அன்றைய கேள்வி அரசரைப் பற்றியது. தொழிலாளியின் கூலியோ ஆலையின் உடைமையோ அங்கே பேச்சாகவே இல்லை. தடையற்ற வணிகத்துக்காக வாதாடிய பிரெடெரிக் பாஸ்தியா 1848-ல் பிரெஞ்சுப் பேரவையில் இடப்புறம் அமர்ந்தவர். இன்று அவருடைய பொருளாதாரக் கருத்துகளைப் படிப்பவர் எவரும் அவரைத் தயங்காமல் வலதுசாரி என்றே சொல்வார். ஆகவே ‘சொற்களின் பொருள் மாறிவிட்டது, எனவே அவை செத்துவிட்டன’ என்ற வாதத்தில் வலு இல்லை. அவை பிறந்த நாள் முதலே ஏதோ ஒரு கேள்விக்கான விடையாகத்தான் இருந்திருக்கின்றன. கேள்வி மாறும்போது பொருளும் மாறியிருக்கிறது.

நம்முடைய பழைய இடங்கை, வலங்கைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வலங்கைப் பிரிவு பேசப்படுகிறது. பிற்காலத்தில் வேளாண்மையைச் சார்ந்த சாதிகள் பலவும் வலங்கையிலும், கம்மாளர் முதலிய கைவினைஞரும் வணிகர் சிலரும் இடங்கையிலும் எண்ணப்பட்டார்கள். எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்பதற்காகச் சென்னைப் பட்டணத்தில் 1652-லும் 1707-லும் இந்த இரு பிரிவினரும் கலகம் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சு நாற்காலி வரிசைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கைகள் இரண்டு என்பது மட்டுமே.

இன்று எதை இடது என்பது, எதை வலது என்பது?

நாட்டின் செல்வம் எவரிடம் இருக்க வேண்டும், எவருக்கு எவ்வளவு போக வேண்டும், அதில் அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற கேள்வியில், உழைப்பவர் பக்கமும் பொதுவுடைமைப் பக்கமும் சாய்வது இடது. உடைமையாளரின் உரிமையையும் சந்தையையும் முதன்மையாக்குவது வலது. இது பொருளாதாரக் கோடு.

இன்னொரு கோடு மரபைப் பற்றியது. சமயம், குடும்பம், பெண்ணின் இடம், தேசத்தின் அடையாளம் ஆகியவற்றில் இருப்பதைக் காப்பது வலது, மாற்றுவது இடது என்று எண்ணப்படுகிறது. ஐரோப்பாவில் இந்த இரு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் அங்கே ஒரு சொல்லே இரண்டையும் சுமந்தது. நம் நாட்டில் அவை அப்படிப் படியவே இல்லை. அவற்றோடு சாதி, மொழி, ஒன்றிய அரசுக்கும் மாநிலத்துக்குமான உறவு என்று மேலும் மூன்று கோடுகள் குறுக்கே ஓடுகின்றன.

இந்தியாவில் பதிவான எல்லாக் கட்சிகளும் சோசலிசத்தை ஏற்றவை என்கிறார்களே, உண்மையா?

சட்டத்தின் கண்ணில் உண்மை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு 1989-ல் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யும் ஒவ்வொரு கட்சியும் அரசமைப்புச் சட்டத்துக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கொள்கைகளுக்கும் உண்மையாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித்தர வேண்டும் என்று அது கோருகிறது. 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பின் முகப்புரையில் சேர்ந்த ‘சோசலிச’ என்ற சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சந்தைப் பொருளாதாரமே தீர்வு என்று நம்பும் ஒருவர் இந்தியாவில் கட்சி தொடங்க விரும்பினால், முதல் நாளே தாம் நம்பாத ஒன்றில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. கட்சிகளின் அறிவிப்புகளை வைத்து அவற்றை இடது, வலது என்று பிரிக்க முயல்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பாரதிய ஜனதா கட்சியை வலதுசாரி என்பது சரியா?

மரபு, சமயம், தேச அடையாளம் என்ற கோட்டில் சரி. அதில் குழப்பம் இல்லை. பொருளாதாரக் கோட்டில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1980-ல் தொடங்கப்பட்டபோது அக்கட்சி ஏற்ற கொள்கைகளுள் ஒன்று ‘காந்திய சோசலிசம்’. அதே கொள்கைக் குடும்பத்தைச் சேர்ந்த தொழிற்சங்கமான பாரதிய மஸ்தூர் சங்கம் பொதுத்துறைப் பங்குகளை விற்பதைத் தொடர்ந்து எதிர்த்து வந்திருக்கிறது. 1991-ல் தோன்றிய சுதேசி ஜாக்ரன் மஞ்ச் அந்நிய முதலீட்டைக் குறைகூறும்போது, பேசுபவரின் பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால் கம்யூனிஸ்ட் மேடை என்றே தோன்றும். சுமார் 80 கோடிப் பேருக்கு விலையில்லாத் தானியம் தரும் திட்டத்தை 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்ததும் அக்கட்சி தலைமையிலான அரசுதான்.

பொருளாதாரத்தில் ஒளிவுமறைவின்றி வலதுசாரியாக இருந்த கட்சி ஒன்று இந்தியாவில் உண்டென்றால், அது இராஜாஜியும் மற்றவர்களும் 1959-ல் தொடங்கிய சுதந்திராக் கட்சி. தொழில் தொடங்க உரிமத்துக்கும் அனுமதிக்கும் அரசு வாசலில் நிற்க வைக்கும் முறையை அது நேருக்கு நேர் எதிர்த்தது. 1967-ல் மக்களவையில் 44 இடங்களையும் பெற்றது. அந்தக் கட்சி மறைந்த பிறகு, அந்த இடம் இந்திய அரசியலில் இன்றுவரை ஏறத்தாழக் காலியாகவே கிடக்கிறது என்பது இதை எழுதுபவரின் கணிப்பு.

திமுகவும் அதிமுகவும் எந்தப் பக்கம்?

இங்கே உள்ளவற்றுள் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே; இதற்கு நேரான விடை இல்லை என்பதே நேர்மையான விடை.

1967 தேர்தலை எடுத்துக்கொள்வோம். திமுக தலைமையிலான அணியில், 1952-ல் முதலமைச்சராக இருந்தபோது கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்த இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இருந்தது. திமுக 137 இடங்களும், சுதந்திரா 20 இடங்களும், மார்க்சிஸ்ட் 11 இடங்களும் வென்றன. இடதையும் வலதையும் மட்டும் அறிந்த ஒருவருக்கு இந்த அணி பித்தர் கூட்டமாகத் தெரியும். காங்கிரஸ் ஆட்சி, அரிசிப் பஞ்சம், இந்தித் திணிப்பு ஆகியவற்றின் மீதான எதிர்ப்பு அவர்களை ஒரே மேடையில் ஏற்றியது. தேர்தல் அந்தக் கோடுகளின் மேல் நடந்தது.

ஆட்சிக்கு வந்த பின் திமுக அரசு 1970-ல் நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தைக் கணக்கில் கொண்ட ஏக்கர் அளவு) 15 தர ஏக்கராகக் குறைத்தது. பேருந்துகளை அரசுடைமையாக்கும் போக்கில் 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. காமராசர் 1956-ல் தொடங்கிய பள்ளி மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982-ல் பெரிதாக விரித்தார். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோருக்கு மட்டுமே மலிவு விலைத் தானியம் என்று 1997-ல் ஒன்றிய அரசு முறையை மாற்றியபோது, அட்டை உள்ள அனைவருக்கும் ரேஷன் என்ற பழைய முறையைத் தமிழ்நாடு கைவிடவில்லை. இவை எல்லாம் இடது என்று வகைப்படுத்தக்கூடியவை. அதே ஆட்சிகள்தாம் தனியார் ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் கொடுத்து முதலீட்டாளரைப் போட்டி போட்டுக்கொண்டு அழைத்து வந்தன. தனியார் பொறியியல் கல்லூரிகள் மாநிலம் எங்கும் முளைத்ததும் இவற்றின் காலத்தில்தான்.

நெய்வேலி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2006-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க ஒன்றிய அரசு முடிவெடுத்தபோது, கூட்டணியில் இருந்தபடியே திமுக அதை எதிர்த்து நிறுத்த வைத்தது. 2013-ல் மீண்டும் விற்பனைப் பேச்சு வந்தபோது, ஜெயலலிதா அரசு அந்தப் பங்குகளை மாநிலப் பொது நிறுவனங்களே வாங்கும்படி செய்தது. இரண்டும் தனியார்மயத்தைத் தடுத்த செயல்கள். விளைவை மட்டும் பார்த்தால் இடது. ஆனால் இரு கட்சிகளும் முன்வைத்த வாதத்தின் மையத்தில் தமிழ்நாட்டின் சொத்து, தமிழ்நாட்டுத் தொழிலாளி என்ற எண்ணம் இருந்தது. வர்க்கம் என்ற சொல்லுக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை. காரணம் ஒரு கோட்டிலும் விளைவு வேறொரு கோட்டிலும் விழுவது திராவிடக் கட்சிகளின் அரசியலில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்று. (மதுச் சில்லறை விற்பனையை 2003-ல் முழுக்க அரசே எடுத்துக்கொண்டதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறோம்.)

அப்படியானால் தமிழ்நாட்டில் இந்தச் சொற்களுக்கு வேலையே இல்லையா?

உண்டு. கேள்வி கூலி, வேலை நேரம், சங்கம் என்று வந்துவிட்டால் கோடு உடனே தெளிவாகத் தெரியும்.

2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு இடம் கொடுக்கும் சட்டத்திருத்தத்தைத் திமுக அரசு பேரவையில் நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணிநேரம் என்ற வரம்பு அப்படியே இருக்கும், விருப்பமுள்ள நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தும் என்று அரசு விளக்கியது. ஆனாலும் அதன் தோழமைக் கட்சிகளான இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட மற்றவர்களும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். சில நாள்களில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே நாளை இந்தியாவில் முதன்முதலாக, 1923-ல், சென்னையில் கொண்டாடியவர் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியு சார்புடைய தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரி வேலைநிறுத்தம் தொடங்கி, 37 நாள்கள் தொடர்ந்தபோதும், ஒரே கூட்டணியின் இரு கட்சிகளான திமுகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் எதிரெதிரே நின்றன. மொழி உரிமையிலும் ஆளுநரின் அதிகாரத்திலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக நின்றவர்கள் சங்கப் பதிவு என்ற கேள்வியில் பிரிந்தார்கள் என்றால், அந்தப் பிரிவுக்கு இடது, வலது என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறு நம்மிடம் இல்லை.

சாதியை இந்தக் கோட்டில் எங்கே வைப்பது?

வைக்க முடிவதில்லை, வைக்க முயன்றவர்கள் எல்லாம் தடுமாறியிருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சி வழிநடத்திய விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டதுதான் பகைக்கு வித்து. கொல்லப்பட்டவர்கள் தலித் மக்கள். அதைக் கூலிப் போராட்டம் என்பதா, சாதிக் கொடுமை என்பதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கூலியை மட்டும் சொல்பவர், எரிந்தவர்கள் ஏன் அத்தனை பேரும் சேரியைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு விடை சொல்ல வேண்டும். சாதியை மட்டும் சொல்பவர், ஏன் சங்கம் தோன்றிய பிறகு அந்தப் பகை தீயானது என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

நாடாளுமன்ற வாக்கெடுப்பு ஒன்றையும் பார்க்கலாம். பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் 103-ஆவது திருத்தம் 2019 ஜனவரியில் மக்களவையில் 323-க்கு 3, மாநிலங்களவையில் 165-க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது. பாஜக கொண்டுவந்தது, காங்கிரஸ் ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் குறைகளைச் சுட்டிக்காட்டியபடி ஆதரித்தது. கேரளத்தில் இடது முன்னணி அரசு 2020-ல் அதை நடைமுறைப்படுத்தவும் செய்தது. திமுக எதிர்த்தது, அதிமுக வெளிநடப்பு செய்தது. வறுமையை அளவுகோலாகக் கொள்வது வர்க்கப் பார்வைக்கு இயல்பானது. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டமல்ல, சமூக இழிவுக்கான ஈடு என்பது திராவிட இயக்கத்தின் பார்வை. இந்த வாக்கெடுப்பில் எவர் இடது? சாதியின் கோட்டில் நிற்பவர் திமுகவைக் காட்டுவார். வர்க்கத்தின் கோட்டில் நிற்பவர் மார்க்சிஸ்ட் கட்சியைக் காட்டுவார். இருவரையும் தவறு என்று சொல்ல முடியாது.

இந்த இரு பார்வைகளையும் ஒன்றாக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. பெரியார் 1932-ல் சோவியத் நாட்டைப் பார்த்துத் திரும்பிய பின் சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை முன்வைத்தார். 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டதும், அரசின் நெருக்குதலுமாக அந்தக் கூட்டு சில ஆண்டுகளிலேயே கலைந்தது.

இடதுசாரிக் கட்சியே வலதுசாரிச் செயலைச் செய்யுமா?

செய்யும். மேற்கு வங்கத்தில் 2006-ல் 294 இடங்களில் 235-ஐ வென்ற இடது முன்னணி, சிங்கூரில் டாடா கார் ஆலைக்காக 997 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. 2007 மார்ச்சில் நந்திகிராமில் நிலத்துக்காகப் போராடியவர்கள் மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். உழவர் பக்கம் நின்று அந்த அலையில் ஏறியவர் மம்தா பானர்ஜி. அவர் முன்பு வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தவர். 34 ஆண்டு ஆட்சி 2011-ல் 62 இடங்களோடு முடிந்தது. கட்சியின் கொடி சிவப்பு என்பதற்காக அந்த நிலக் கையகப்படுத்தலை இடது என்று எழுதிய எவரும் இல்லை.

இலங்கையில் இச்சொற்கள் தமிழருக்கு எப்படிப் பொருள்பட்டன?

ஏமாற்றமாகவே பொருள்பட்டன என்று சொல்வது மிகையாகாது. 1935-ல் தோன்றிய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தது. சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தது. ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்ற பொருளில் அந்நாளில் எச்சரித்தவர் அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.

1964-ல் அக்கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது; மலையக மக்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அந்த ஆண்டு அக்டோபரில் கையெழுத்தானபோது, நிதி அமைச்சர் அக்கட்சியின் என்.எம். பெரேரா. 1966 ஜனவரியில் தமிழைப் பயன்படுத்த இடம் தந்த ஒழுங்கு விதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் அக்கட்சி இருந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்த 1972-ஆம் ஆண்டு அரசமைப்பை உருவாக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர், முன்பு எச்சரித்த அதே கொல்வின். இந்தக் காலம் முழுவதும் வங்கி, தோட்டம், நிலம் ஆகியவற்றில் அக்கட்சி இடதுசாரியாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செல்வத்தின் கோட்டில் ஓரடியும் நகராமல் இனத்தின் கோட்டில் மறுகரைக்கே போய்விட முடியும்.

ஜனதா விமுக்தி பெரமுனவின் வரலாறும் அத்தகையதே: மார்க்சியம் பேசிய அக்கட்சி 1987-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் ஆயுதம் ஏந்தி எதிர்த்தது, வடக்கும் கிழக்கும் இணைந்திருந்ததை எதிர்த்து அது முன்னின்று நடத்திய வழக்கில் 2006-ல் அந்த இணைப்பு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 225-ல் 159 இடங்களைப் பெற்றபோது, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றையும் வென்றது. அங்கே வாக்களித்தவர்கள் மார்க்சியத்துக்கு வாக்களித்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தோடு முந்தைய அரசு செய்த ஏற்பாட்டைப் புதிய அரசும் தொடர்ந்தது.

‘நான் இடதும் இல்லை, வலதும் இல்லை’ என்பவரை எப்படிப் புரிந்துகொள்வது?

பிரான்சில் எமானுவேல் மக்ரோன் 2017-ல் ஏறத்தாழ இப்படிச் சொல்லித்தான் குடியரசுத் தலைவரானார். தமிழ்நாட்டில் 2018-ல் தொடங்கிய கட்சி ஒன்று தன் பெயரிலேயே ‘மய்ய’த்தை வைத்துக்கொண்டது. இப்படிச் சொல்பவரிடம் வாதிட வேண்டியதில்லை. பெருஞ்செல்வர் மீதான வரி, ஓய்வு பெறும் வயது, ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்குவது என்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். மக்ரோன் அரசு முதல் ஓராண்டுக்குள் பழைய சொத்து வரியை நீக்கி அதை வீடு, மனைகளுக்கு மட்டுமானதாகச் சுருக்கியது. 2023-ல் ஓய்வு பெறும் வயதை 62-லிருந்து 64 ஆக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டையும் இருபுறமும் சாராதவை என்று சொல்வது கடினம்.

பழைய நாளிதழ்களில் ‘வலது கம்யூனிஸ்ட்’ என்று அச்சாகியிருக்கிறதே, பிழையா?

பிழையில்லை. 1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, பழைய கட்சியை ‘வலது கம்யூனிஸ்ட்’ என்றும், பிரிந்து உருவான மார்க்சிஸ்ட் கட்சியை ‘இடது கம்யூனிஸ்ட்’ என்றும் தமிழ் இதழ்கள் எழுதின. சுவர் விளம்பரங்களிலும் மேடைப் பேச்சிலும் அப்பெயர்கள் பல ஆண்டுகள் நிலைத்தன. காங்கிரசோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகலாம் என்பதே அன்று அவர்களுக்குள் இருந்த முக்கியக் கேள்விகளுள் ஒன்று. அந்தக் கேள்வியில் ஒருவர் மற்றவருக்கு வலப்புறம் இருந்தார். இரு கட்சிகளும் பின்னர் பல தேர்தல்களில் ஒரே அணியில் நின்றிருக்கின்றன. கட்சி பிறந்தது 1920-ல் தாஷ்கண்டிலா, 1925-ல் கான்பூரிலா என்பதில் மட்டும் இருவரும் இன்னும் உடன்படவில்லை.